பறக்கும் சவப்பெட்டி என்று சொல்வதற்கு முன்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் வந்தது, 62 வருடம் ஓடியிருக்கிறது. அன்று சாயங்காலமே எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோ வந்துவிட்டது. சோகமான வயலின், மெதுவாகப் போகும் விமானம், கடைசியில் சிவப்பு எழுத்தில் "பறக்கும் சவப்பெட்டிக்குப் பிரியாவிடை". கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: "விமானத்தைத் திட்டாதீர்கள், நடுவில் ஒரு வகுப்பைக் கட்டாமல் விட்டவர்களைத் திட்டுங்கள்." பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் எதிர்வீட்டுத் தம்பி, "டீச்சர், வேற குரூப்ல போட வேண்டியதை இங்க போட்டுட்டீங்களா?" என்று கேட்டான்.

இல்லை தம்பி, சரியான குரூப்பில்தான் போட்டேன். விளக்கம் ஒரு வரியில் அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உனக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் விமானி இல்லை, இன்ஜினியரும் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, அதே பதவியில் ஓய்வு பெற்றவள். ஆனால் என் பள்ளிக்கூடம் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்குப் பக்கம். 30 வருடத்துக்கு மேல் கிரண் விமானத்தின் சத்தத்துக்கு இடையில்தான் பாடம் நடத்தினேன். அது தலைக்கு மேல் போகும்போது வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்துவேன், போனதும் பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தத் தளத்தில் இருப்பது என்ன பள்ளிக்கூடம் என்று எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி அது. 1948இல் அம்பாலாவில் ஆரம்பித்து 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. அதாவது நான் படித்த மாதிரியே ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. தெரிந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அதனால்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு இளைஞனைப் போர் விமானியாக்குவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் காற்றாடி வைத்த சின்ன விமானம். அதில் ஏறுவது, இறங்குவது, திசை பார்ப்பது. அடுத்து ஒரு எளிய ஜெட். பிறகு போர் விமானத்தைப் போலவே நடந்துகொள்ளும், ஆனால் தப்பு செய்தால் மன்னிக்கும் ஒரு வேகமான ஜெட். அதற்கு மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் என்று பெயர். அதன் பிறகுதான் நிஜமான போர் விமானம். ஒன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் ஐந்தாம் வகுப்பு இருந்தது. நன்றாகவே இருந்தது. அதுதான் கிரண். பெங்களூர் ஹெச்ஏஎல்லில் வி.எம்.காட்கே தலைமையில் நம்மவர்களே வடிவமைத்தது. 1964 செப்டம்பர் 4ஆம் தேதி முதலில் பறந்தது, 1968இல் விமானப்படைக்கு வர ஆரம்பித்துவிட்டது. சீனப் போர் முடிந்து இரண்டு வருடம், கையில் காசு கிடையாது, நாட்டில் சோற்றுக்கே பஞ்சம். அந்த நிலைமையில் நான்கு வருடத்தில் முதல் பறப்பிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த நான்கு வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கிரணில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதில் மாணவனும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் உட்காருகிற மாதிரி இல்லை, பஸ் சீட்டில் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி. பையனின் கை நடுங்குகிறதா, கண் எங்கே போகிறது, உதட்டைக் கடிக்கிறானா, எல்லாம் ஆசிரியருக்குத் தெரியும். 'அ' எழுதச் சொல்லிக் கொடுக்கும்போது நாங்கள் எதிரே நிற்க மாட்டோம், பிள்ளையின் பக்கத்தில் குனிந்து கையைப் பிடிப்போம். அதே யோசனைதான். வடிவமைத்தவருக்கு ஆசிரியர் மனசு இருந்திருக்கிறது.

பத்தாம் வகுப்பும் இருந்தது, மிக்-21. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். எட்டாம் வகுப்புதான் ஒழுங்காக இல்லை. கொஞ்ச காலம் பழைய ஹண்டர் விமானங்களை வைத்துச் சமாளித்தார்கள். 1975இல் போலந்திலிருந்து இஸ்க்ரா என்று 50 பயிற்சி ஜெட்டுகள் வாங்கினார்கள். ஆனால் இஸ்க்ராவும் கிரணும் ஏறக்குறைய ஒரே வேகம், அதனால் அது இன்னொரு ஐந்தாம் வகுப்புதான். ஹண்டர்கள் வயதாகி ஒதுங்கிய பிறகு, கிரணிலும் இஸ்க்ராவிலும் பறந்த இருபத்திரண்டு வயதுப் பையன் நேராக மிக்-21இல் ஏறினான். 1986இலிருந்து அசாமில் தேஜ்பூரில் இதற்கென்றே மிக்-21 வைத்து ஒரு பயிற்சிப் பிரிவு நடந்தது. போர் விமானத்தையே வகுப்பறை ஆக்கிவிட்டார்கள்.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். கிரணின் உச்ச வேகமே மணிக்கு 700 கிலோமீட்டருக்குள்தான். மிக்-21 இறங்குவதற்காக ஓடுபாதையை நெருங்கும்போதே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதன் சிறகு முக்கோணமாக, மெல்லியதாக இருக்கும். வேகமாகப் போகச் செய்யப்பட்ட சிறகு அது. மெதுவாகப் போனால் தாங்காது. இறங்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும், முன்னால் இருப்பது சரியாகத் தெரியாது. இருப்பது ஒரே எஞ்சின். இதையெல்லாம் அனுபவமுள்ள கை கையாண்டது, சரித்திரமும் படைத்தது. 1971இல் அந்த விமானம் செய்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது புதுப் பையனுக்கு எழுதிப் பழகும் சிலேட்டு கிடையாது.

மிக்-21இலும் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி வடிவம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஆசிரியர் பின்னால் உட்காருவார். முன்னால் மாணவன் தலையும் அவன் நாற்காலியும். ஓடுபாதை சரியாகத் தெரியாது என்பதால் பின்னாளில் வந்த வடிவத்தில் ஆசிரியருக்கு ஒரு பெரிஸ்கோப் பொருத்தினார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தூக்கம் வரவில்லை. கரும்பலகை தெரியாத ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அப்போது யாருக்கும் தெரியாதா? தெரியும். அதுதான் என் கோபமே.

1982இல் ஏர் மார்ஷல் லா ஃபோன்டைன் தலைமையில் விபத்துகளை ஆராய ஒரு குழு போட்டார்கள். மேம்பட்ட ஜெட் பயிற்சி விமானம் ஒன்று உடனே தேவை என்று அந்தக் குழு எழுதிக் கொடுத்தது. தேவைப்பட்ட விமானத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பிரிட்டனின் ஹாக் 1974இலேயே பறந்துவிட்டது. நாம் அறிக்கை எழுதிய வருடத்தில் அது அங்கே ஆறு வருடமாக வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. அதில் பின் இருக்கை முன் இருக்கையைவிட உயரம். சினிமா தியேட்டர் மாதிரி. பின்னால் இருப்பவருக்கு முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. பெரிஸ்கோப் வேண்டாம். இன்னொரு பக்கம் பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த ஆல்ஃபா ஜெட் இருந்தது. இரண்டில் ஒன்றை எடுத்திருக்கலாம்.

எடுக்கவில்லை. இதுவா அதுவா என்று ஆராய்ந்தார்கள். விலை பேசினார்கள். போபர்ஸ் வந்தது, அதற்குப் பிறகு வெளிநாட்டு ஆயுத ஃபைலில் கையெழுத்துப் போடவே டெல்லியில் கை வரவில்லை. 1991இல் அந்நியச் செலாவணி வற்றியது. ஆல்ஃபா ஜெட் உற்பத்தியே நின்று போனது. இவர்கள் பேரம் முடிவதற்குள் கடையையே மூடிவிட்டார்கள். 1997இல் இன்னொரு குழு, தலைவர் நம் ராமேஸ்வரத்துக்காரர், அப்துல் கலாம். அவரும் அதையேதான் சொன்னார்.

கலாம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் இளைஞராக இருந்தபோது தேராடூனுக்குப் போய் விமானப்படைத் தேர்வு எழுதினார். எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது. அந்த ஏமாற்றத்தை அவரே எழுதியிருக்கிறார். பறக்க ஆசைப்பட்டு இடம் கிடைக்காத அந்த மனிதர், பறக்கப் போய் உயிர் விட்ட பையன்களின் அறிக்கைகளைப் புரட்டியபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஜனாதிபதியாகி, 2006இல் சுகோய் விமானத்தில் ஏறிப் பறந்தார். போகட்டும், விஷயத்தை விட்டு வெளியே போகிறேன்.

2003 செப்டம்பரில் அமைச்சரவைக் குழு ஒப்புதல். 2004 மார்ச்சில் ஒப்பந்தம், 66 ஹாக் விமானங்கள். 2008 பிப்ரவரியில் கர்நாடகத்து பீதரில் முறைப்படி சேர்த்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழு எழுதிக் கொடுத்த 1982இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு 2008இல் முப்பது வயது தாண்டியிருக்கும். அவன் விமானப்படையில் சேர்ந்திருந்தால் பயிற்சி முடித்து, எட்டாம் வகுப்பைப் பார்க்காமலேயே மிக்-21இல் ஏறி, உயிரோடு இருந்தால் ஸ்குவாட்ரன் லீடராகியிருப்பான்.

உயிரோடு இருந்தால் என்று எழுதினேன். 2012இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது: வாங்கிய மிக் ரக விமானங்கள் 872, அதுவரை விபத்தில் போனவை 482. இறந்த விமானிகள் 171 பேர். கீழே வயலிலும் வீட்டிலும் இருந்த பொதுமக்கள் 39 பேர்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதற்காக இதையும் சொல்கிறேன். அந்த 171 பேரும் பயிற்சிக் குறைவால் இறந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் நின்றிருக்கிறது. பறவை மோதியிருக்கிறது. சோவியத் யூனியன் உடைந்த பிறகு உதிரிப் பாகங்களுக்கு அலைந்திருக்கிறார்கள். அனுபவமுள்ள விமானிகளும் போயிருக்கிறார்கள். ஆனால் ஒன்றுக்கு இரண்டு குழு உட்கார்ந்து, காரணங்களில் இதுவும் ஒன்று, இதை உடனே சரி செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. சரி செய்யக்கூடியது என்று கையில் எழுதிக் கொடுத்த ஒன்றை இருபத்திரண்டு வருடம் ஃபைலுக்குள் வைத்திருந்ததை மட்டும்தான் கேட்கிறேன்.

விபத்து அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் உண்டு, 'மனிதத் தவறு'. எந்த மனிதன்? கட்டுப்பாட்டுக் கம்பியைப் பிடித்திருந்தவனா, பேனாவைப் பிடித்திருந்தவனா? என் வகுப்பில் நாற்பது பேரில் ஒருவன் கணக்கில் ஃபெயில் ஆனால் அவன் படிக்கவில்லை என்று சொல்லலாம். வருடா வருடம் அதே பாடத்தில் ஃபெயில் ஆகிக்கொண்டே இருந்தால், கல்வி அதிகாரி என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கவும் வேண்டும். இங்கே இறந்தவன் தலையில் எழுதிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டார்கள். 2001இல் மகனைப் பறிகொடுத்த மும்பைத் தாய் ஒருவர், என் மகன் மேல் தவறு இல்லை என்று நிரூபிக்க வருடக்கணக்காகப் போராடினார். ஒரு தாய்க்கு அந்த வேலையை வைக்கலாமா?

அதனால்தான் அந்த வீடியோ எனக்குப் பிடிக்கவில்லை. 'பறக்கும் சவப்பெட்டி' என்று ஒரு இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால் எல்லோருக்கும் வசதி. இயந்திரம் ஓய்வு பெற்றதும் பழியும் ஓய்வு பெற்றுவிடும். கையெழுத்துப் போடாதவர்களும் அந்த வீடியோவுக்குக் கீழே கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம்.

சரி, அது பழைய கதை, ஹாக் வந்துவிட்டதே, 2010இல் இன்னும் 57 வாங்கினார்களே, அதில் 17 கடற்படைக்குக்கூடப் போனதே, இப்போது எதற்குப் புலம்பல் என்று கேட்பீர்கள். எட்டாம் வகுப்பு கட்டி முடித்துவிட்டோம், உண்மைதான். அதற்குள் ஐந்தாம் வகுப்பின் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. நான் சொல்ல வந்ததில் பாதி இனிமேல்தான்.

கிரணுக்கு வயதாகிறது என்று 1990களிலேயே தெரியும். அதற்கு மாற்றாக ஹெச்ஏஎல் சிதாரா என்ற இடைநிலை ஜெட் பயிற்சி விமானத்தை ஆரம்பித்தது. (இடைநிலை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நம் சங்கத்து ஞாபகம் வந்தது. இடைநிலை என்றாலே யாரும் கண்டுகொள்வதில்லை போலிருக்கிறது.) 1999இல் அரசு ஒப்புதல். 2003 மார்ச் 7ஆம் தேதி முதல் பறப்பு. அபாரமான வேகம், நானே சந்தோஷப்பட்டேன். கிரண் கணக்குப்படி பார்த்தால் 2007இல் வகுப்பறைக்கு வந்திருக்க வேண்டும்.

இது 2025. சிதாரா இன்னும் வரவில்லை. 2003இல் அது பறந்த அன்று பிறந்த பிள்ளை இன்றைக்கு அகாடமியில் பயிற்சி எடுக்கும் வயதில் இருக்கிறது.

என்ன ஆயிற்று? முதலில் பிரெஞ்சு எஞ்சின் வைத்துப் பறக்கவிட்டார்கள், பிறகு ரஷ்ய எஞ்சினுக்கு மாற முடிவு செய்தார்கள். புது எஞ்சினோடு பறக்கவே 2009 ஆகிவிட்டது. 2007இல் பெங்களூர் விமானக் கண்காட்சியில், அத்தனை பேர் பார்க்க, மேலெழும்பும் நேரத்தில் மேல்மூடி திறந்துகொண்டு ஓடுபாதையை விட்டு விலகியது. 2009இல் இறங்கும்போது ஒரு விபத்து. 2011 ஏப்ரலில் நம் கிருஷ்ணகிரி பக்கம் சோதனைப் பறப்பில் ஒன்று விழுந்தது. இரண்டு விமானிகளும் குதித்துத் தப்பினார்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விமானம் ரொம்ப மெதுவாகப் போனால், அல்லது மூக்கை ரொம்பத் தூக்கினால், சிறகு தூக்கும் சக்தியை இழந்துவிடும். சில நேரம் விமானம் பம்பரம் மாதிரிச் சுற்றிக்கொண்டே கீழே விழும். மாணவனுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இதுதான்: வேண்டுமென்றே அந்தச் சுழலுக்குள் போய், பதறாமல் கால்மிதியையும் கம்பியையும் சரியான வரிசையில் இயக்கி, வெளியே வருவது. சைக்கிள் கற்றுக்கொடுக்கும் அப்பா பின்னால் பிடித்துக்கொண்டே ஒரு தடவை சாய விடுவாரே, அது மாதிரி. சிதாராவுக்கு அந்தப் பாடமே வரவில்லை. வேகம் குறைந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுழலுக்குள் பாதுகாப்பாகப் போய்வர முடியவில்லை. பாடமே எடுக்கத் தெரியாத ஆசிரியர் மாதிரி. 2014இல் விமானப்படை பொறுமை இழந்து வேறு விமானம் கிடைக்குமா என்று வெளியே விசாரிக்க ஆரம்பித்தது. பிறகு வால்பகுதியை மாற்றி அமைத்தார்கள். 2019இல் மறுபடி பறந்தது. 2022 ஜனவரியில் இரண்டு பக்கமும் ஆறு சுற்றுச் சுழன்று மீண்டு காட்டியது. அதைச் செய்து முடித்த இன்ஜினியர்களுக்கும், உயிரைப் பணயம் வைத்து அதற்குள் உட்கார்ந்த சோதனை விமானிகளுக்கும் என் வணக்கம். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? 2025 பிப்ரவரியில் பெங்களூர் கண்காட்சியில் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள். சிதாரா போய் யஷஸ். புகழ் என்று அர்த்தம். பேப்பரில் படம் வந்தது, பெயர்ப் பலகையைத் திறந்து கைதட்டினார்கள். எங்கள் பக்கத்திலும் கட்டடம் ஒழுகும் பள்ளிக்கு ஆண்டுவிழாவில் புதுப் பெயர் சூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தபோது புதுப் பெயரின் கீழேயும் பக்கெட்தான் வைத்தோம்.

இதற்கிடையில் ஒன்றாம் வகுப்பிலும் இதே கதை. தீபக் என்ற சின்னப் பயிற்சி விமானம், அதில் போன விமானிகள் 19 பேர். 2009இல் இன்னும் இரண்டு பேர் இறந்த பிறகுதான் முழுவதுமாக நிறுத்தினார்கள். நிறுத்தியபோது கையில் மாற்று இல்லை. அப்போது யார் வந்து நின்றது? கிரண்தான். இதுவரை எதையுமே ஓட்டாத பிள்ளைகளை நேராக ஜெட்டில் ஏற்றி, பறக்கும் மணிநேரத்தையும் குறைத்து, சமாளித்தார்கள். 2013இல் சுவிட்சர்லாந்தின் பிளாட்டஸ் வரும்வரை இந்த நிலைமை. வயதான டீச்சர் ஒருவர் தன் வகுப்போடு பக்கத்து வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாரே, அதேதான். 2023 ஜூனில் கர்நாடகத்து சாமராஜநகர் அருகே ஒரு கிரண் விழுந்தது. இரண்டு பேரும் பாராசூட்டில் தப்பித்தார்கள் என்று கேட்டதும் பெருமூச்சு விட்டேன். 1989இல் கடைசி விமானத்தைச் செய்து முடித்து உற்பத்தியை மூடியாகிவிட்டது. எஞ்சியவற்றின் ஆயுளை நீட்டித்து நீட்டித்து ஓட்டுகிறார்கள். எனக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள், அதற்கு இன்னும் கொடுக்கவில்லை.

இனி எனக்கு வரப்போகும் பதில்கள் எனக்கே தெரியும். இரண்டை மட்டும் இங்கேயே முடித்துவிடுகிறேன்.

"எல்லையில் எதிரி நிற்கும்போது போர் விமானம் வாங்குவார்களா, பயிற்சி விமானம் வாங்குவார்களா?" இதைச் சொல்பவர்களுக்கு தேசபக்தி அதிகம், மறுக்கவில்லை. 2016இல் 36 ரஃபேல் வாங்கினோம். ஊரெல்லாம் பேச்சு. எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டதைக்கூட டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த ரஃபேலில் ஏறும் பையன் எங்கிருந்து வருவான்? பிளாட்டஸிலிருந்து, கிரணிலிருந்து, ஹாக்கிலிருந்து. பயிற்சி விமானத்துக்கு யாராவது எலுமிச்சம்பழம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பேரணியில் கடைசியில் வரும், வண்ணப் புகை விட்டால் குழந்தைகள் கை தட்டும். சூர்யகிரண் குழு கிரணை வைத்து 1996இலிருந்து அப்படித்தான் அசத்தியது. 2011இல் அந்தக் குழுவையே நிறுத்தி விமானங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், ஏனென்றால் வகுப்பறைக்கு ஆள் போதவில்லை.

"இப்போது சிமுலேட்டர் வந்துவிட்டது, நடுவில் இன்னொரு ஜெட்டே தேவையில்லை, பிளாட்டஸிலிருந்து நேராக ஹாக்குக்குப் போகலாம்." இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய வாதம். விமானப்படையிலேயே இப்படி நினைப்பவர்கள் உண்டு. பிளாட்டஸ் பழைய சின்ன விமானங்களைவிட எவ்வளவோ மேல், அதனால் ஒரு வகுப்பைத் தாண்டலாம் என்பது அவர்கள் கணக்கு. தப்பாகக்கூட இல்லாமல் இருக்கலாம், அதை முடிவு செய்யும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் அப்படியென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு யஷஸ் திட்டத்தை மூடுங்கள், கிரணுக்கு மரியாதையாக மாலை போட்டு அனுப்புங்கள். வேண்டும் என்றால் இந்த வருடத்துக்குள் முடித்து வகுப்புக்குக் கொடுங்கள். வேண்டும் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு, அறுபது வருடத்துக்கு முன் வடிவமைத்த விமானத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருப்பது எந்த வாதத்திலும் சேராது. சிமுலேட்டரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அதில் பம்பரமாகச் சுற்றினாலும் வயிறு கலங்காது. விழுந்தால் பட்டனை அழுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பையனுக்குத் தெரியும்.

நல்லது நடக்கவே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. தீபக்குக்குப் பதிலாக ஹெச்ஏஎல் செய்த ஹெச்டிடி-40 விமானம் 2016இல் பறந்தது. 2023 மார்ச்சில் 70 விமானங்களுக்கு 6,838 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். இதைத் திட்டமே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு, இருந்தாலும் பிடிவாதமாக முடித்தார்கள். நம்மால் முடியும் என்பதற்கு 1964லும் சாட்சி இருக்கிறது, 2016லும் இருக்கிறது. முடியாமல் போவது பட்டறையில் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த விடைகொடுப்பு நாளன்று என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மிக்-21இல்தான் பெரும்பாலும் வேலை. டிவியில் அதைச் சவப்பெட்டி என்று சொல்வதைக் கேட்டு அவனுக்கு ஆத்திரம். "டீச்சர், அது நல்ல குதிரை. ஏறத் தெரியாதவனை நாமதான் ஏத்திவிட்டோம்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. எத்தனை பேரை ஏணி பிடித்து ஏற்றிவிட்டிருப்பான், அதில் எத்தனை பேருக்காக ஓடுபாதையில் காத்து நின்றிருப்பான் என்று நானும் கேட்கவில்லை.

நான்காவது வீட்டு சாருக்கு: அந்த வீடியோவைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் சார். உங்கள் பேரன் என்டிஏ தேர்வுக்குப் படிக்கிறான் என்று போன மாதம் இனிப்பு கொடுத்தீர்களே. அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம், அவன் எந்த விமானத்தில் பழகப் போகிறான் என்று நீங்களும் கேளுங்கள், நானும் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.